திருத்தத் தெரிந்தால் போதாது

வழக்கமான கியூஆர் கோடுகளிலேயே மிகச் சிறியது 21 கட்டம் நீளமும் 21 கட்டம் அகலமும் கொண்டது. டீக்கடையில் பணம் அனுப்ப நாம் ஸ்கேன் செய்வது இதைவிடப் பெரியது. இந்தக் குட்டிச் சதுரத்துக்குள் மொத்தம் 26 பைட்டுக்கு இடம் உண்டு. பாதுகாப்பு மிகக் குறைவான நிலையில் அதில் 19 பைட் தகவலுக்குப் போகும். மீதி 7 பைட், அழுக்கோ கீறலோ பட்டால் அந்தத் தகவலை மீட்பதற்கு. பிழை எங்கே இருக்கிறது, அந்த இடத்தில் உண்மையில் என்ன இருந்தது என்று இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். அதனால் ஒரு பிழையைத் திருத்த இரண்டு சோதனை பைட் செலவாகும். 7 பைட் கையில் இருந்தால் 3 பிழைகளைத் திருத்தலாம். ஆனால் கியூஆருக்கான சர்வதேசத் தரவிதி, இந்தச் சதுரத்தில் இரண்டு பிழையோடு நிறுத்திக்கொள் என்கிறது. மூன்றாவது வந்தால் கை வைக்காதே, படிக்க முடியவில்லை என்று சொல்லிவிடு.

இருக்கிற பலத்தை ஏன் வேண்டுமென்றே விட்டுக்கொடுக்க வேண்டும்? என் பிழைப்பே இந்தக் கேள்வியில்தான் ஓடுகிறது.

நான் பெங்களூரில், எஸ்எஸ்டி எனப்படும் சேமிப்புச் சாதனங்களுக்கான கன்ட்ரோலர் சிப்களில் வேலை செய்கிறேன். வடிவமைப்பவள் அல்ல. வடிவமைத்தவர்கள் “சரியாக ஓடுகிறது” என்று சொல்லும்போது அதை நம்ப மறுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வெரிஃபிகேஷன் என்று அதற்குப் பெயர். அந்தச் சிப்புக்குள் டீகோடர் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஃபிளாஷ் நினைவகத்திலிருந்து பழுதாகி வரும் பிட்களைச் சரிசெய்து கொடுப்பது அதன் வேலை. ஊரில் என்ன வேலை என்று கேட்டால், “கம்ப்யூட்டர் தப்பைத் திருத்துது, அது ஒழுங்காத் திருத்துதான்னு நாங்க பாக்குறோம் சித்தப்பா” என்பேன். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

டீகோடரிடம் நாங்கள் எதிர்பார்ப்பது இரண்டு பதில்களில் ஒன்று. “திருத்திவிட்டேன், இதோ” என்பது ஒன்று. “என்னால் முடியவில்லை” என்பது மற்றொன்று. ஆனால் மூன்றாவதாகவும் ஒன்று நடக்கும். தப்பாகத் திருத்திவிட்டு, அதே தைரியத்தோடு “திருத்திவிட்டேன், இதோ” என்று நீட்டும். எங்கள் துறையில் இதை மிஸ்கரெக்‌ஷன் என்பார்கள். வாங்குகிறவருக்கு முதல் பதிலும் மூன்றாவது பதிலும் ஒரே மாதிரிதான் தெரியும். டீகோடரை நம்பகமானதாக ஆக்குவது என்றால் இன்னும் நிறையப் பிழைகளைத் திருத்த வைப்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். அது பாதி வேலை. மற்ற பாதி, இந்த மூன்றாவது பதிலை ஒழிப்பது. கஷ்டமும் அதில்தான்.

ஏழு பிட்டில் ஒரு விபத்து

ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் சும்மா போட்டதல்ல. முன்னால் இருக்கும் 11 இலக்கங்களை வைத்து, வெர்ஹூஃப் என்ற டச்சுக் கணிதவியலாளரின் முறைப்படி கணக்கிட்டது. ஒரு இலக்கத்தை மாற்றி அடித்தாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை முன்பின்னாக அடித்தாலும் கணக்கு ஒத்துவராது. எந்த இலக்கம் தப்பு என்று அதற்குச் சொல்லத் தெரியாது. தப்பு இருக்கிறது என்று மட்டும் தெரியும். திரும்ப அடிக்க ஓர் ஆள் எதிரில் இருக்கும்வரை அது போதும்.

ஆள் இல்லாவிட்டால்? 1940-களின் கடைசியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹாமிங் மாட்டிக்கொண்ட இடம் அதுதான். அங்கிருந்த ரிலே கணினியில் வார இறுதியில்தான் அவருடைய கணக்குகள் ஓடும். பிழையைக் கண்டுபிடிக்க அந்த இயந்திரத்துக்குத் தெரியும். கண்டுபிடித்ததும், மேற்பார்க்க ஆள் இல்லாத நேரம் என்பதால், அந்தக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் விடை இருக்காது. பிழை இருப்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்ததற்கு இடத்தையும் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டாமா என்ற எரிச்சலில் பிறந்த முறையை 1950-ல் அவர் கட்டுரையாக வெளியிட்டார்.

அதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். அனுப்ப வேண்டியது 1011 என்ற நான்கு பிட். ஏழு இடங்களை வரிசையாக எடுத்துக்கொண்டு 3, 5, 6, 7 ஆகிய இடங்களில் இந்த நான்கையும் வையுங்கள். 1, 2, 4 ஆகிய இடங்கள் சோதனைக்கு. முதல் குழு 1, 3, 5, 7. இரண்டாம் குழு 2, 3, 6, 7. மூன்றாம் குழு 4, 5, 6, 7. ஒவ்வொரு குழுவிலும் 1 என்ற பிட் இரட்டைப்படையில் இருக்கும்படி சோதனைப் பிட்களை நிரப்பினால் 0110011 கிடைக்கும்.

வழியில் ஐந்தாவது பிட் புரண்டு 0110111 என்று போய்ச் சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். முதல் குழுவில் மூன்று 1 இருக்கிறது, தப்பு. இரண்டாம் குழு சரி. மூன்றாம் குழு தப்பு. தப்பான குழுக்களின் முதல் இடங்கள் 1, 4. கூட்டினால் 5. ஐந்தாவது பிட்டைப் புரட்டு, வேலை முடிந்தது. முதன்முதலில் இதைப் போட்டுப் பார்க்கும் எவரும் ஒரு கணம் அசந்துபோவார்கள்.

இப்போது ஐந்தாவதோடு ஆறாவதும் புரண்டிருந்தால்? வந்து சேர்வது 0110101. முதல் குழு தப்பு, இரண்டாம் குழு தப்பு, மூன்றாம் குழு சரி. 1-ம் 2-ம் கூட்டினால் 3. டீகோடர் தயங்காமல் மூன்றாவது பிட்டைப் புரட்டும். அது சரியாக இருந்த பிட்! இரண்டு பிழை இருந்த இடத்தில் மூன்று ஆகிவிட்டது. திரும்பச் சோதித்தால் மூன்று குழுக்களும் பிசகில்லாமல் ஒத்துப்போகும். அனுப்பியது 1011, கையில் கிடைத்தது 0101. நான்கில் மூன்று பிட் தப்பு. எச்சரிக்கை எதுவும் இல்லை.

காரணம் எளிது. ஏழு பிட்டில் 128 விதமான வரிசைகள் உண்டு. அவற்றில் முறையானவை 16. ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு பிட் மட்டும் மாறிய வரிசைகள் ஏழு. 16-ஐ எட்டால் பெருக்குங்கள், 128. எல்லா இடமும் யாரோ ஒருவருக்குப் பட்டா போட்டாயிற்று. எப்படிச் சிதைந்து வந்தாலும் அது ஏதோ ஒன்றின் எல்லைக்குள்தான் விழும். இந்த டீகோடர் “முடியவில்லை” என்று சொல்லவே முடியாது. சொல்வதற்குப் புறம்போக்கு இடம் இல்லை.

தீர்வு, இடம் விடுவது. மொத்தத்தையும் சோதிக்கும் எட்டாவது பிட் ஒன்றைச் சேர்த்தால் ஒரு பிழையைத் திருத்தும், இரண்டு வந்தால் கையை விரிக்கும். வங்கிகளிலும் தரவு மையங்களிலும் ஓடும் சர்வர்களின் நினைவகத்தில் ஒவ்வொரு 64 பிட்டுக்கும் 8 சோதனைப் பிட் சேர்ந்து 72 ஆக இருப்பது இதன் வளர்ச்சிதான். கூகுள் தரவு மையங்களை ஆராய்ந்து 2009-ல் வெளிவந்த ஆய்வு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சர்வர்களில் ஆண்டுக்கு ஒருமுறையாவது நினைவகப் பிழை வந்து திருத்தப்படுகிறது என்று காட்டியது. இது எப்போதோ அபூர்வமாக நடக்கும் விஷயமல்ல.

பக்க ஓரத்துக் கேள்விக்குறி

அப்பா சிவகாசியில் அச்சகம் ஒன்றில் புரூஃப் பார்த்தவர். எழுத்துப்பிழை என்று உறுதியாகத் தெரிந்தால் திருத்துவார். கல்யாணப் பத்திரிகையில் மணமகள் பெயர் ஒரு மாதிரியாக இருந்தால் திருத்த மாட்டார். ஓரத்தில் கேள்விக்குறி போட்டு அனுப்புவார். அரைகுறையாக அச்சான பெயரைப் பார்த்தால் யாராவது கேட்பார்கள். தப்பாகத் திருத்திய பெயர் அழகாக, சுத்தமாக அச்சாகிவிடும். பத்திரிகை ஊரெல்லாம் போன பிறகுதான் தெரியும். டீகோடரின் மூன்றாவது பதிலும் இதே வகை ஆபத்துதான்.

அந்தக் கேள்விக்குறியை ஒரு பொறியியல் கருவியாகவே ஆக்கியது, 1982-ல் சந்தைக்கு வந்த காம்பாக்ட் டிஸ்க். பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து உருவாக்கிய அதில் இருப்பது ரீட்–சாலமன் முறை. இர்விங் ரீட், கஸ்டாவ் சாலமன் இருவரும் எம்ஐடியின் லிங்கன் ஆய்வகத்தில் இருந்தபோது 1960-ல் வெளியிட்டது. அடிப்படை பள்ளிக்கூட வரைபடத்தாளில் வருவதுதான். இரண்டு புள்ளி இருந்தால் ஒரு நேர்கோடு முடிவாகிவிடும். அதே கோட்டில் ஐந்து புள்ளிகளை அனுப்பினால், ஒன்று விலகி வந்தாலும் மற்ற நான்கும் அதைக் காட்டிக்கொடுக்கும். நேர்கோட்டுக்குப் பதில் இன்னும் வளைந்த கோடுகள், புள்ளிகளுக்குப் பதில் பைட்கள். கியூஆர் கோடிலும் இதே முறைதான்.

சிடியில் இரண்டு டீகோடர்கள் அடுத்தடுத்து நிற்கும். முதலாவதற்கு வரும் ஒவ்வொரு கட்டிலும் 32 பைட். அதில் 4 சோதனைக்கு. ஆக, இரண்டு பிழைகளைத் திருத்தலாம். அங்கேதான் கணக்குப் போட வேண்டும். முற்றிலும் சிதைந்த குப்பை 32 பைட்டாக வந்து விழுகிறது என்று வையுங்கள். இரண்டு பிழைவரை திருத்த அனுமதித்தால், அப்படிப்பட்ட குப்பைக் கட்டுகளில் 133-க்கு ஒன்றை இந்த டீகோடர் “திருத்திவிட்டேன்” என்று தூக்கிக் கொடுக்கும். ஒரு பிழையோடு நிறுத்திக்கொள் என்று கட்டுப்படுத்தினால் 5 லட்சத்து 26 ஆயிரத்துக்கு ஒன்று. திருத்தும் பலத்தில் ஒரு படி இறங்கியதற்கு, பொய் சொல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 4,000 மடங்கு குறைகிறது. குட்டிக் கியூஆர் மூன்றாவது பிழையைத் தொடாததற்குக் காரணமும் இந்தக் கணக்குதான்.

முதல் டீகோடர் கைவிட்ட கட்டு வீணாகிப் போவதில்லை. அதிலுள்ள பைட் ஒவ்வொன்றின் மேலும் “சந்தேகம்” என்று குறி வைக்கப்படும். பிறகு அந்த பைட்கள் வெவ்வேறு கட்டுகளுக்குப் பிரிந்து போகும். பதிவு செய்யும்போதே அப்படிக் கலைத்து வைத்திருப்பார்கள். இரண்டாவது டீகோடரிடமும் 4 சோதனை பைட் உண்டு. பிழை எங்கே என்று தெரியாமல் தேடினால் அதுவும் இரண்டைத்தான் திருத்தும். எந்த பைட் சந்தேகம் என்று முன்கூட்டியே தெரிந்தால் நான்கையும் மீட்டுவிடும், ஏனென்றால் “எங்கே” என்ற கேள்விக்கு விடை கைக்கு வந்துவிட்டது. சிடியில் 2.5 மில்லிமீட்டர் நீளக் கீறல், சுமார் 4,000 பிட் ஒட்டுமொத்தமாக அழிந்த இடம், பாட்டில் ஒரு சின்ன இடறல்கூட இல்லாமல் தாண்டப்படுவது இப்படித்தான். முதலாமவர் வாய்திறந்து “தெரியவில்லை” என்றதால் இரண்டாமவரின் பலம் இரட்டிப்பானது.

இரண்டு பேரும் கைவிட்டால், பிளேயர் முன்னும் பின்னும் உள்ள ஒலியளவைப் பார்த்து நடுவில் ஒன்றை இட்டு நிரப்பும். பாட்டுக்கு அது போதும். அதே தட்டில் கணினிக் கோப்புகளைப் பதிய நினைத்தபோது அந்தச் சமாளிப்பு செல்லாது என்று தெரிந்தது. வங்கிக் கணக்கில் முந்தின மாத இருப்புக்கும் அடுத்த மாத இருப்புக்கும் சராசரி போட முடியுமா? சிடி-ராமில் 2,048 பைட் தகவலோடு, திருத்த 276 பைட்டும், பிழையைக் கண்டுபிடிக்க மட்டும் 4 பைட்டும் கூடுதலாகச் சேர்த்தார்கள்.

பெரிய கட்டுகளுக்கு இந்தக் கவலை குறைவு. விண்கலங்கள் நெடுங்காலம் பயன்படுத்திய ரீட்–சாலமன் கட்டில் 255 பைட்; 32 சோதனைக்கு; 16 பிழைவரை திருத்தும். 1986-ல் ராபர்ட் மெக்எலீஸ், லெய்ஃப் ஸ்வான்சன் இருவரும் இதற்கு ஒரு கையடக்கமான விதி தந்தார்கள். திருத்தக்கூடிய எண்ணிக்கை வரை 1, 2, 3 என்று வரிசையாகப் பெருக்குங்கள். அளவுக்கு மீறிச் சிதைந்த கட்டு தவறாக ஏற்கப்படும் வாய்ப்பு, ஏறத்தாழ அந்தப் பெருக்குத்தொகையில் ஒரு பங்கைத் தாண்டாது. 16 வரை பெருக்கினால் 20 லட்சம் கோடிக்கு மேல். ஐந்து வரை பெருக்கினால் வெறும் 120. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள்.

வியாழனிலிருந்து சொட்டிய தகவல்

கலிலியோ விண்கலம் 1989 அக்டோபரில் வியாழன் கோளை நோக்கிக் கிளம்பியது. குடைபோல் மடித்து வைத்த பெரிய ஆன்டெனாவை 1991 ஏப்ரலில் விரிக்கச் சொன்னபோது சில கம்பிகள் ஒட்டிக்கொண்டன. என்னென்னவோ செய்து பார்த்தும் விரியவில்லை. அது விரிந்திருந்தால் நொடிக்கு 1,34,000 பிட் வந்திருக்கும். மிச்சம் இருந்தது சின்ன ஆன்டெனா. அதில், இருந்த நிலையிலேயே விட்டால், வியாழனிலிருந்து நொடிக்குப் பத்து பிட் அளவில்தான் வரும்.

கலம் 1995 டிசம்பரில் வியாழனை அடைந்தது. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தினர் புதிய மென்பொருளையும் புதிய திருத்தமுறையையும் தயார் செய்து, கலத்துக்கு வானொலி வழியாகவே அனுப்பி வைத்தார்கள். படங்களைச் சுருக்கி அனுப்புவது, பூமியில் பல ஆன்டெனாக்களைச் சேர்த்துக் கேட்பது என்று வேறு வழிகளும் சேர்ந்து, வேகம் உச்சத்தில் நொடிக்கு 160 பிட் ஆனது. என் துறைக்காரர்களுக்கு அதில் ருசியான பகுதி டீகோடர்தான்.

முதலில், ஆண்ட்ரூ விட்டர்பி 1967-ல் கண்டுபிடித்த முறையில் ஒரு டீகோடர் இரைச்சலுக்கிடையே பிட்களை ஊகிக்கும். அதன் பிறகு ரீட்–சாலமன். எட்டு எட்டாகக் கலைத்து அனுப்பிய கட்டுகளில் எல்லாவற்றுக்கும் ஒரே பலம் தரவில்லை. ஒன்றுக்கு 94 சோதனை பைட், இன்னொன்றுக்கு 60, இரண்டுக்கு முப்பது முப்பது, மீதி நான்குக்குப் பத்துப் பத்து. 94 உள்ளது முதலில் திருந்தும். அப்படி உறுதியான பைட்களை விட்டர்பி டீகோடருக்கே திருப்பிக் கொடுத்து, “இந்த இடங்கள் நிச்சயம், இவற்றை வைத்து மற்றவற்றை மறுபடி பார்” என்பார்கள். இரண்டாம் சுற்றில் 60, மூன்றாம் சுற்றில் முப்பதுகள், கடைசியாகப் பத்துகள்.

வரிசையைக் கவனியுங்கள். பத்து சோதனை பைட் உள்ள கட்டு ஐந்து பிழையைத் திருத்தும். ஐந்து வரை பெருக்கினால் 120; அதாவது அதிகமாகச் சிதைந்தால் அது பொய் சொல்லக்கூடியது. அதைக் கடைசியில் நிறுத்தி, பிழைகள் அநேகமாகத் தீர்ந்த பிறகு பேசவிட்டார்கள். பொய் சொல்ல வாய்ப்பே இல்லாத கட்டை முதலில் பேசவிட்டு, அதன் சாட்சியை மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். கலத்தில் அதே சின்ன ஆன்டெனா, அதே இரைச்சல். யாரை எப்போது நம்புவது என்ற ஒழுங்கு மட்டும் புதிது.

ஒன்றையொன்று தாங்கும் தப்புகள்

இன்று உங்கள் லேப்டாப்பின் எஸ்எஸ்டி, வைஃபை, 5ஜி போனில் ஓடும் தகவல், செயற்கைக்கோள் டிவி ஆகியவற்றில் பெரும்பாலும் இருப்பது எல்டிபிசி என்ற முறை. ராபர்ட் கேலகர் எம்ஐடியில் 1960-ல் முடித்த ஆய்வேட்டில் பிறந்தது. அன்றைய கருவிகளால் அதை ஓட்ட முடியாததால் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தூசி படிந்து கிடந்தது. 1990-களின் நடுவில் டேவிட் மெக்கே, ராட்ஃபர்ட் நீல் இருவரும் அதை மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

இதில் ஆயிரக்கணக்கான பிட்கள், அவற்றைச் சின்னச் சின்னக் குழுக்களாகச் சேர்த்துச் சோதிக்கும் ஆயிரக்கணக்கான சமன்பாடுகள். ஒவ்வொரு பிட்டும் “நான் 1 என்று நினைக்கிறேன், ஆனால் அவ்வளவு உறுதியில்லை” என்று தன் சமன்பாடுகளிடம் சொல்லும். அவை மற்ற பிட்களைக் கேட்டுவிட்டு “உன்னைத் தவிர எல்லோரும் சொல்வதைப் பார்த்தால் நீ 0” என்று பதில் சொல்லும். இப்படிச் சில சுற்று பேசினால் தப்புகள் உதிர்ந்துவிடும். இரைச்சலுக்கிடையே பிழையின்றி எவ்வளவு தகவல் அனுப்பலாம் என்று கணிதவியலாளர் ஷானன் 1948-ல் கணித்த எல்லைக்கு மிக அருகில் வரை இது போகும்.

ஆனால் ஒரு பள்ளம் உண்டு. சில பிட்கள் ஒரு சின்ன வளையமாக அமைந்து, எல்லாம் ஒரே நேரத்தில் தப்பாகிவிட்டால், அவை ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லத் தொடங்கும். வெளியிலிருந்து வரும் எதிர்ப்பு ஒன்றிரண்டு சமன்பாடுகள்தான், அது எடுபடாது. எத்தனை சுற்று ஓட்டினாலும் டீகோடர் அதே இடத்தில் நின்று சுழலும். 2003-ல் டாம் ரிச்சர்ட்சன் இவற்றை டிராப்பிங் செட் என்று பெயரிட்டு விவரித்தார். இதனால், இரைச்சல் குறையக் குறைய அருவிபோல் செங்குத்தாக இறங்கி வந்த பிழை விகிதம் ஓரிடத்தில் தரைதட்டி, அதற்குக் கீழே போக மறுக்கும். எரர் ஃப்ளோர் என்று நாங்கள் தினமும் முனகுவது இதைத்தான்.

அந்தத் தரையைப் பார்ப்பதே பெரும்பாடு. எஸ்எஸ்டிகளுக்கான தொழில்துறை விதி, வீட்டு உபயோகச் சாதனத்தில் 1,000 லட்சம் கோடி பிட் படிக்கும்போது மீட்க முடியாத பிழை ஒன்றுக்கு மேல் கூடாது என்கிறது. நிறுவனங்களுக்கானதில் அதைவிடப் பத்து மடங்கு கடுமை. 1,000 லட்சம் கோடி பிட் என்றால் 125 டெராபைட். ஒரேயொரு பிழையைப் பார்க்கவே அவ்வளவு ஓட்ட வேண்டும். ஒரு பிழையை வைத்து விகிதம் சொல்ல முடியாது, நூறாவது வேண்டும். சாதாரணக் கணினியில் மென்பொருளாக ஓட்டினால் ஆயுள் போதாது. அதனால் டீகோடரை, வேண்டியபடி மாற்றி அமைக்கக்கூடிய எஃப்பிஜிஏ சிப் பலகைகளில் சுற்றாகவே அமைத்து, இரவும் பகலும் இரைச்சலை ஊட்டிக்கொண்டிருப்போம். காலையில் வந்து முதலில் பார்ப்பது சிக்கிய வரிசைகளின் பட்டியலை.

பள்ளத்திலிருந்து தூக்க வழிகள் பல. ஒத்துப்போகாத சமன்பாட்டின் பக்கத்து பிட்களின் உறுதியை வேண்டுமென்றே குலைத்துவிட்டு மறுபடி பேசவிடுவது ஒன்று. ஃபிளாஷ் செல்லிலிருந்து மின்னூட்டம் மெல்ல ஒழுகுவதால், படிக்கும் மின்னழுத்தத்தைச் சற்று நகர்த்தித் திரும்பப் படித்து, “வலுவான 1, சந்தேகமான 1” என்று தரம்பிரித்துக் கொடுப்பது இன்னொன்று. செயற்கைக்கோள் டிவியின் டிவிபி-எஸ்2 தரத்தில், எல்டிபிசிக்கு வெளியே பிசிஎச் என்ற பழைய முறையையும் ஒரு சுற்றுச் சுவராக வைத்து, மிஞ்சிய சில்லறைப் பிழைகளைக் கூட்டி அள்ளுகிறார்கள்.

கேட்க வேண்டியவர் கிளம்பிவிட்டால்

என் மேஜையில் நடப்பது இன்னும் நேரடியானது. டீகோடரால் எத்தனை பிழை திருத்த முடியும் என்று எழுதியிருக்கிறதோ, அத்தனையைப் புகுத்துவோம். திருத்த வேண்டும். பிறகு அதற்கு மேல் ஒன்று. இங்கேதான் உண்மையான சோதனை. இப்போது “முடியவில்லை” என்பதுதான் சரியான விடை. புதிதாகச் சேரும் பிள்ளைகள் திருத்திய எண்ணிக்கையைத்தான் ஆவலோடு பார்ப்பார்கள். கைவிட்ட எண்ணிக்கை, கணிதம் சொல்வதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லித் தருவேன். கைவிட வேண்டிய அளவுக்குக் கைவிடவில்லை என்றால் கொண்டாட்டம் இல்லை, விசாரணை.

ஒருமுறை அப்படித்தான் ஒரு வடிவமைப்பில் வெற்றி கொஞ்சம் அதிகமாகவே வந்தது. கணிதத்தில் குறையில்லை. டீகோடரும் கைவிடவே செய்தது. தொடர்ந்து இரண்டு கட்டுகள் திருத்த முடியாமல் போகும்போது மட்டும், இரண்டாவதற்கான “முடியவில்லை” என்ற சமிக்ஞை ஒரு கடிகாரத் துடிப்பு தாமதமாக வெளியே வந்தது. அதற்குள் அடுத்த பகுதி தகவலை நல்லது என்று எடுத்துக்கொண்டு போய்விட்டது. இவர் சொல்லத்தான் சொன்னார். கேட்க வேண்டியவர் கிளம்பிவிட்டார். சமன்பாடுகளில் தேடினால் இது ஒருநாளும் அகப்படாது. கம்பிகளில் தேட வேண்டும்.

திருத்திய பிறகு சோதனைச் சமன்பாடுகளை மறுபடி ஓட்டிப் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். டீகோடரின் சுற்றே பழுதானால் அது உதவும். மிஸ்கரெக்‌ஷனுக்கு உதவாது, நாம் போட்ட ஏழு பிட் கணக்கில் தப்பான விடைக்கும் மூன்று குழுக்களும் ஒத்துப்போனதே. தவறாகத் திருந்தியதும் முறையான வரிசைதான், வேறொன்றின் முறையான வரிசை. அதைப் பிடிக்க வேறு கணக்கில் போட்ட சாட்சி வேண்டும். அதற்காகத் தகவலோடு சிஆர்சி என்ற சோதனைத் தொகை ஒன்றைச் சேர்த்து வைக்கிறோம். நிறுவனங்களின் சேமிப்பகங்களில் 512 பைட் தகவலுக்கு 8 பைட் இப்படிக் கூடவே போகும். அதில் இரண்டு பைட் சிஆர்சி. நான்கு பைட், இந்தத் தகவல் எந்த முகவரிக்கு உரியது என்பதற்கு. பிட் ஒன்றுகூடப் பிசகாமல் பக்கத்து வீட்டுத் தகவலைக் கொண்டுவந்து தருவதும் நடக்கும்.

சொல்லாமல் திருத்துகிறவர்கள்

இன்றைய கவலை வேறொரு பக்கத்தில். 2020-ல் தரநிர்ணயம் வெளியான டிடிஆர்5 நினைவகத்தில், சிப்புக்குள்ளேயே ஒவ்வொரு 128 பிட்டுக்கும் 8 சோதனைப் பிட் வைத்து ஒரு பிழையைத் திருத்துகிறார்கள். செல்கள் சிறுத்துக்கொண்டே போவதால் அது இல்லாமல் முடியாது. ஆனால் அது ஹாமிங் வழிவந்த முறை. இரண்டு பிழை வந்தால் மூன்றாவதைத் தானே உண்டாக்கிவிடக்கூடியது. வெளியே இருக்கும் பெரிய டீகோடரோ, வருவது அசல் தகவல் என்று நினைத்துத் தன் கணக்கைத் தொடங்கும். சிடியில் முதலாமவர் இரண்டாமவருக்குக் குறி வைத்து அனுப்பினார். இங்கே உள்ளே இருப்பவர் தானே முடித்து, முகம் துடைத்து அனுப்புகிறார்.

கலிலியோ காலத்திலிருந்து இன்றுவரை டீகோடர்களின் நம்பகம் உயர்ந்த இடங்களையெல்லாம் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஒரு அடுக்கு தன் சந்தேகத்தை அடுத்த அடுக்குக்கு ஒழுங்காகக் கடத்திய இடங்கள் அவை. சந்தேகத்தை விழுங்கிவிட்ட இடங்களில், எவ்வளவு திறமையான கணக்கும் கடைசியில் எங்களைப் போன்றவர்களின் மேஜைக்குத்தான் வந்து சேர்கிறது.

அதனால் உங்கள் பென்டிரைவோ ஹார்ட் டிஸ்க்கோ ஒருநாள் “இந்தக் கோப்பைப் படிக்க முடியவில்லை” என்றால் திட்டத்தான் தோன்றும். திட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அது நேர்மையான பதில். அந்தக் கல்யாணப் படங்களில் யார் முகத்தையோ, அந்தக் கணக்குப் புத்தகத்தில் எந்த எண்ணையோ தானாக இட்டு நிரப்பித் தருவதைவிட எவ்வளவோ மேல். இனி செய்ய வேண்டியது ஒன்றுதான்: வேறொரு இடத்தில் வைத்திருக்கும் நகலை எடுக்க வேண்டும். வைத்திருக்கிறீர்கள்தானே?